மெர்ச்சண்டைசர் இண்டர்வியூ: என்ன கேட்டா ஆள் யாருன்னு தெரியும்?

நூல்கண்டு

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூர்ல எங்க மாமாவோட பனியன் எக்ஸ்போர்ட் யூனிட்ல ஆபீஸ் வேலை பூரா நான்தான் பாத்துக்கறேன், சின்ன யூனிட்டுங்க, எச்ஆர்னு தனியா யாரும் கிடையாது. வர்ற சனிக்கிழமை மெர்ச்சண்டைசர் வேலைக்கு, அதாவது பையர்கிட்ட (சரக்கு வாங்கற கம்பெனி) பேசி ஆர்டரை ஆரம்பத்துல இருந்து அனுப்பற வரைக்கும் பாத்துக்கற வேலைக்கு, 6 பேர் வர்றாங்க. என்ன கேக்கறதுன்னு தெரியாமத்தான் இங்க வந்து கேக்கறேன்.

ஏன் இவ்ளோ யோசிக்கறேன்னா போன தடவை எடுத்த ஆள் இண்டர்வியூல அருமையா பேசினாருங்க, 7 வருச எக்ஸ்பீரியன்ஸ், இங்கிலீஷ் சரளமா வந்துச்சு, மாமாவுக்கு பாத்ததும் புடிச்சுப்போச்சு, அரைமணி நேரத்துல அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் குடுத்துட்டோம். நாலாவது மாசம் ஒரு ஆர்டர்ல லேப் டிப் (மொத்த துணிக்கும் சாயம் போடறதுக்கு முன்னாடி பையர் பாத்து ஓகே சொல்ற சின்ன கலர் சாம்பிள்) அப்ரூவல் லேட்டாகி, அதனால டையிங் தள்ளிப்போய், துணி சுருங்காம இருக்க பண்ற காம்பாக்டிங்கும் தள்ளிப்போய், கடைசில கப்பல்ல போக வேண்டிய சரக்கு ஃபிளைட்ல போச்சு. அந்த ஆர்டர் லாபம் போனதோட நில்லாம கையில இருந்தும் போச்சுங்க. அப்புறம் அவரும் போயிட்டாரு.

அன்னைக்கு நாங்க கேட்ட கேள்வி இவ்ளோதான். உங்களைப் பத்தி சொல்லுங்க, உங்க பலம் என்ன பலவீனம் என்ன, 5 வருசம் கழிச்சு எங்க இருப்பீங்க, பழைய கம்பெனியை ஏன் விட்டீங்க. எல்லாத்துக்கும் நல்லாத்தான் பதில் சொன்னாரு. இந்த தடவை வேற மாதிரி கேக்கணும், அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

மேசைக்கு_அந்தப்பக்கம்

சென்னைல ரெக்ரூட்மெண்ட்ல 11 வருஷமா இருக்கேன். உங்க நாலு கேள்விலயும் தப்பு எதுவும் இல்ல, ஆனா நாலுக்கும் பதில் வீட்லயே மனப்பாடம் பண்ணிட்டு வந்துடலாம். அதனால நீங்க அளந்தது அவர் எவ்ளோ நல்லா தயார் பண்ணிட்டு வந்தார்ங்கறத மட்டும்தான்.

கேள்வியை வெளில தேடாதீங்க, உங்களுக்கு நடந்த நஷ்டத்துலயே இருக்கு. லேப் டிப்தானே கழுத்தறுத்துச்சு? அதையே கேளுங்க. "லேப் டிப் ரெண்டு தடவை ரிஜெக்ட் ஆன ஒரு ஆர்டரை சொல்லுங்க." அவ்ளோதான் கேள்வி, அதுக்கப்புறம் விடாம உள்ள போகணும். என்ன கலர்? பையர் என்ன கமெண்ட் போட்டாங்க? மூணாவது தடவை டையிங்ல என்ன மாத்த சொன்னீங்க? அதுக்குள்ள எத்தன நாள் போச்சு? அந்த நாளை பின்னாடி எங்க பிடிச்சீங்க? பையருக்கு எப்ப சொன்னீங்க, தேதி தாண்டினப்புறமா, முன்னாடியேவா?

நிஜமா அந்த வேலைய பாத்தவங்களுக்கு இதெல்லாம் கண்ணு முன்னாடி வரும், கலர் பேர் கூட ஞாபகம் இருக்கும். பாக்காதவங்க "நாங்க டீமா ஃபாலோ பண்ணி முடிச்சோம்"னு பொதுவா சொல்லுவாங்க. "நாங்க"ன்னு வந்தா உடனே "அதுல நீங்க பண்ணது எது?"ன்னு மரியாதையா கேளுங்க. ஒரு கேள்விக்கு 10 நிமிஷம் போனாலும் பரவால்ல, 20 கேள்வி மேலோட்டமா கேக்கறத விட 4 கேள்வி ஆழமா கேக்கறது மேல்.

இன்னொன்னு ரொம்ப முக்கியம், 6 பேருக்கும் அதே கேள்வி, அதே வரிசை. ஒருத்தர்கிட்ட லேப் டிப் பத்தியும் இன்னொருத்தர்கிட்ட ஊர் கதையும் பேசிட்டு ரெண்டு பேரையும் எப்படி ஒப்பிடுவீங்க? முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க, என்ன பதில் வந்தா 1 மார்க், எது 3, எது 5. டையிங் யூனிட் மேல மட்டும் பழி போட்டா 1. தினமும் ஃபோன் பண்ணி துரத்தினேன்னா 3. தேதி தாண்டும்னு தெரிஞ்ச அன்னைக்கே பையருக்கு மெயில் போட்டு, அந்த நேரத்துல பிரிண்ட் அப்ரூவல், லேபிள், அட்டைப்பெட்டி எல்லாத்தையும் பக்கத்துல நகர்த்தினேன்னா 5. நீங்களும் மாமாவும் தனித்தனியா மார்க் போட்டு முடிச்சப்புறம்தான் பேசணும், இல்லன்னா மாமா சொன்னதுதான் உங்க மார்க்கா ஆயிடும்.

இது என் சொந்த சரக்கு இல்ல. 1998ல ஷ்மிட், ஹண்டர்னு ரெண்டு பேர் 85 வருஷத்து ஆராய்ச்சிய ஒண்ணா சேத்து பாத்தாங்க, 2022ல சாக்கெட்டும் அவர் கூட இருந்தவங்களும் அந்த கணக்கையே திருத்தி மறுபடி போட்டாங்க. 0ன்னா தேர்வுக்கும் பின்னாடி வேலை செய்யறதுக்கும் சம்பந்தமே இல்ல, 1ன்னா அப்படியே பலிக்கும்னு வெச்சுக்கோங்க. எல்லாருக்கும் ஒரே கேள்வி, முன்கூட்டி மார்க்னு நடத்தற இண்டர்வியூவுக்கு 2022 கணக்குல 0.42, சும்மா வாய்க்கு வந்தத பேசற இண்டர்வியூவுக்கு 0.19. எத்தன வருஷ எக்ஸ்பீரியன்ஸ்ங்கறதுக்கு வெறும் 0.07. உங்க 7 வருஷக்காரர் விஷயம் இதுலயே புரியும்.

பழைய_பனியன்காரன்

தம்பி நான் இந்த தொழில்ல 28 வருசம், கட்டிங் மாஸ்டர்ல இருந்து மேனேஜர் வரைக்கும் எத்தனை பேரை எடுத்திருப்பேன்னு எனக்கே கணக்கில்ல. ஆள் உள்ள வர்ற தோரணை, உக்கார்ற விதம், கண்ணைப் பாத்து பேசறது, இதுலயே முக்காவாசி தெரிஞ்சுபோயிரும். மார்க் பேப்பர் வெச்சுட்டு உக்காந்தா வந்தவன் பரிட்சை ஹாலுக்கு வந்த மாதிரி மெரண்டுபோயிருவான், அவன் குணம் எப்படி தெரியும்? அந்த அம்மா சொல்றது பெரிய கம்பெனிக்கு சரி, நம்ம ஊருக்கு ஒத்துவராதுங்க.

மேசைக்கு_அந்தப்பக்கம்

அய்யா உங்க அனுபவத்துக்கு முன்னாடி நான் சின்னவ, ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்க எடுத்த ஆளுங்கள்ல நல்லா வந்தவங்க உங்க கண்ணு முன்னாடி இருக்காங்க, அவங்க ஞாபகம் இருக்கு. தோரணை சரியில்லன்னு நீங்க திருப்பி அனுப்பினவங்க இப்ப வேற யூனிட்ல எப்படி வேலை பாக்கறாங்கன்னு உங்களுக்கு தெரிய வழியே இல்லையே? அதனாலதான் நம்ம கணிப்பு எப்பவும் சரிங்கற மாதிரி நமக்கே தோணுது. மெரளாம இருக்க முதல் அஞ்சு நிமிஷம் டீ குடுத்து சாதாரணமா பேசலாம், எழுதிக்கறது எல்லார்கிட்டயும் நியாயமா நடந்துக்கத்தான்னு முன்னாடியே சொல்லிடலாம், அவங்களே நிம்மதியா ஆயிடுவாங்க.

ஊசிமுனை

நான் மெர்ச்சண்டைசர், கல்யாணத்துக்கு முன்னாடி 4 வருசம், அப்புறம் 3 வருச கேப், இப்ப மறுபடி 2 வருசமா. மேசைக்கு இந்தப்பக்கம் உக்காந்தவ சொல்றேன், கேளுங்க.

எனக்கு நடந்ததுல ரொம்ப நல்ல இண்டர்வியூ எதுன்னா ஒரு இடத்துல கேள்வியே அதிகம் கேக்கல, ஒரு டெக் பேக்கை (அளவு, துணி, பிரிண்ட், லேபிள் எல்லாம் எழுதி பையர் அனுப்பற விவரத்தாள்) கையில குடுத்து "20 நிமிசம் படிங்க, உங்களுக்கு என்ன சந்தேகம் வருதோ பையருக்கு மெயிலா எழுதுங்க"ன்னாங்க. அதுல வேணும்னே தப்பு வெச்சிருந்தாங்க. சைஸ் சார்ட்ல எல் சைஸுக்கு செஸ்ட் 54, எக்ஸ்எல்லுக்கு 53னு இருந்துச்சு. ஒரு பக்கத்துல துணி 100% காட்டன், வாஷ்கேர் லேபிள்ல 95% காட்டன் 5% எலாஸ்டேன். நம்ம வேலையே இதுதானேங்க, பையர் அனுப்பறத கண்ணை மூடிட்டு ப்ரொடக்சனுக்கு தள்றவங்க யாரு, நின்னு கேக்கறவங்க யாருன்னு 20 நிமிசத்துல தெரிஞ்சுரும். இங்கிலீஷும் அதுலயே பாத்துக்கலாம், நமக்கு பையர்கூட பேசறத விட மெயில்தான் அதிகம், மெயில் தெளிவா இருந்தா போதும்.

கணக்கு ஒண்ணு குடுங்க. அளவெல்லாம் சென்டிமீட்டர்ல, டீ சர்ட் பாடி லெங்த் 72, ஸ்லீவ் 22, அலவன்ஸ் 10, செஸ்ட் 54 அதுக்கு அலவன்ஸ் 4, துணி 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம்), ஒரு பீஸுக்கு துணி எவ்ளோ? 104ஐ 58ஆல பெருக்கி, 2ஆல பெருக்கி, 180ஆல பெருக்கி 10,000ல வகுத்தா 217 கிராம் வரும், அது மேல 10% வேஸ்டேஜ் போட்டா 239 கிராம் பக்கம். 10,000 பீஸ் ஆர்டர்ன்னா கிட்டத்தட்ட 2,390 கிலோ. விடை சரியா வந்தா மட்டும் போதாதுங்க, "வேஸ்டேஜ் எத்தன பர்சன்ட் போடணும், கழுத்துப் பட்டை ரிப்புக்கு தனியா போடணுமா"ன்னு திருப்பி கேக்கறாங்களான்னு பாருங்க. அப்படி கேக்கறவங்க துணி பத்தாம நடுவுல நிக்க மாட்டாங்க.

இப்ப கேக்கவே கூடாததை சொல்றேன், இதை கோவமாவே சொல்றேன் மன்னிச்சுக்கங்க. கேப்புக்கு அப்புறம் 5 இடத்துக்கு இண்டர்வியூ போனேன், ஒண்ணுல கூட என் வேலையைப் பத்தி முதல் கேள்வி வரல. கல்யாணம் ஆச்சா, குழந்தை எத்தனை, இன்னொண்ணு பெத்துக்கற ஐடியா இருக்கா, வீட்டுக்காரர் லேட் ஆனா ஒத்துக்குவாரா. ஒருத்தர் மாமியார் கூட இருக்காங்களான்னு கேட்டார். வேலைக்கு எடுக்கறப்பவே ஆம்பளை பொம்பளைன்னு வித்தியாசம் காட்டக்கூடாதுன்னு 1976லயே சட்டம் வந்துருச்சு, 2017ல பிரசவ லீவு 26 வாரம் ஆச்சு, அந்த லீவுக்கு பயந்துதான் இந்த கேள்வியெல்லாம்னு எங்களுக்கும் தெரியும். உங்களுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியது ஷிப்மென்ட் நேரத்துல ராத்திரி 9 வரைக்கும் இருக்க முடியுமாங்கறதுதான்னா அதையே நேரா கேளுங்க, மாசத்துல எத்தன நாள் அப்படி வரும்னு உண்மையைச் சொல்லிட்டு கேளுங்க, அதே கேள்வியை ஆம்பளைங்ககிட்டயும் கேளுங்க. போக வண்டி ஏற்பாடு இருக்கான்னு நாங்க கேப்போம், அதுக்கும் பதில் வெச்சுக்கங்க.

மைக்ரான்

கோயமுத்தூர்ல ஜாப் ஒர்க் மிஷின் ஷாப் வெச்சிருக்கேன். துறை வேற ஆனா ஊசிமுனை சொல்றதுதான் எங்க அனுபவமும். சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டற மிஷின்) ஆபரேட்டர் வந்தா முன்னாடியெல்லாம் சர்டிபிகேட் பாத்துட்டு எந்தெந்த கண்ட்ரோல் தெரியும்னு கேட்டு எடுத்துக்குவேன். இப்ப ஒரு முடிச்ச ஜாப்பையும் டிராயிங்கையும் 0.01 மில்லிமீட்டர் வரைக்கும் அளக்கற மைக்ரோமீட்டர் கருவியையும் கையில குடுத்துருவேன், இது ஓகேவா ரிஜெக்ட்டா சொல்லுங்கன்னு. அளக்கறதுக்கு முன்னாடி துணியில தொடச்சுட்டு ஜீரோ சரியா இருக்கான்னு பாக்கறவன் ஆயிரத்துல ஒருத்தன்னு சொல்ல மாட்டேன், ஆனா அப்படி பாக்கறவனை நான் விட்டதே இல்ல.

ரெண்டாவது கேள்வி, "நீங்களா பண்ணின ஒரு தப்பு, அதனால ஜாப்போ டூலோ போனது, சொல்லுங்க". 5 வருசம் மிஷின் ஓட்டினவன் ஒரு தடவை கூட இடிக்கலைன்னா அது நம்பற மாதிரி இல்லைங்க. இப்ப என்கிட்ட இருக்கற பையன் ஒருத்தன் இதுக்கு சொன்ன பதில், ஆஃப்செட்ல (டூல் எவ்ளோ தள்ளி நிக்கணும்னு மிஷின்ல அடிக்கற அளவு) 0.2 அடிக்கறதுக்கு பதிலா 2ன்னு அடிச்சுட்டேன், டூல் போய் ஜாப்ல சொருகிருச்சு, அன்னைக்கே சூப்பர்வைசர்கிட்ட நானே போய் சொன்னேன், அதுல இருந்து ஆஃப்செட் மாத்தினா மொத பீஸை ஃபீடு கொறைச்சு கையை ஸ்டாப் பட்டன் மேல வெச்சுட்டுதான் ஓட்டறேன்னான். வேற எதுவுமே கேக்கலைங்க, எடுத்துட்டேன். தப்பை சொல்றவனை அந்த இடத்துலயே மொகத்தை சுளிச்சுப் பாத்துட்டீங்கன்னா அடுத்த கேள்வில இருந்து உண்மை வராது, அது நம்ம கையிலதான் இருக்கு.

முதல்_பட்டதாரி

படிச்சுட்டே இருந்தேன், எழுதாம இருக்க முடியல. நான் இந்த வருசம்தான் டெக்ஸ்டைல் டிப்ளமோ முடிச்சேன், தாராபுரம் பக்கம் கிராமம். நீங்க எல்லாரும் நடந்ததை சொல்லு நடந்ததை சொல்லுன்னு கேக்க சொல்றீங்க, என்னை மாதிரி எதுவுமே நடக்காதவங்ககிட்ட என்ன கேப்பீங்க? "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்"னு ஆரம்பிச்சாலே எனக்கு தொண்டை அடைச்சுக்கும், மனப்பாடம் பண்ணினது பாதியில மறந்துரும், அதுக்கப்புறம் தெரிஞ்ச கேள்விக்கு கூட பதில் வராது. தமிழ்ல கேட்டா நிட்டிங் டயா, கேஜ், லூப் லெங்த் எல்லாம் சொல்லுவேன்.

இன்னொண்ணும் சொல்லணும். போன மாசம் ஒரு இடத்துல சொந்த ஊர் எதுன்னாங்க, சொன்னேன். ஊர்ல எந்தப் பக்கம்னாங்க. அப்புறம் குலதெய்வம் கோயில் எங்கன்னு கேட்டாங்க. எதுக்கு கேக்கறாங்கன்னு எனக்கு புரியும், கேக்கறவங்களுக்கும் தெரியும். அதுக்கப்புறம் வேலையைப் பத்தி ஒரு கேள்வியும் வரல, சொல்லி அனுப்பறோம்னாங்க, சொல்லவே இல்ல.

மேசைக்கு_அந்தப்பக்கம்

தம்பி, அந்த குலதெய்வக் கேள்வி கேட்டது அவங்க தப்பு, உன் குறை எதுவுமே அதுல இல்ல. நூல்கண்டு, நீங்களும் மாமாவும் இதை சனிக்கிழமைக்கு முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க, ஊர், கோயில், சாப்பாடு சைவமா அசைவமா, இதெல்லாம் பேச்சுவாக்குல கூட வரக்கூடாது.

ஃப்ரெஷரா இருந்தா "நடந்தது என்ன"ன்னு கேக்காம "நடந்தா என்ன பண்ணுவீங்க"ன்னு கேக்கலாம். லேத்தம்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் 1980லயே இந்த முறைய எழுதிட்டாங்க. சம்பவத்தை அப்படியே சொல்லணும், உதாரணத்துக்கு: "நாளைக்கு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். இன்னைக்கு சாயங்காலம் ஒரு பெட்டியில 6 பீஸ்ல நெக் ரிப் ஷேட் வேற மாதிரி இருக்கு. மேனேஜர் ஃபோன் எடுக்கல. பேக்கிங் சூப்பர்வைசர், மூடிப் போட்டு அனுப்பலாம், யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொல்றார். நீங்க என்ன பண்ணுவீங்க?" இதுல எது செய்யணும்னு வெளிப்படையா தெரியற மாதிரி வெச்சா எல்லாரும் நல்ல பிள்ளையா பதில் சொல்லிடுவாங்க, ரெண்டு பக்கமும் இழுக்கற மாதிரி இருக்கணும். மொழி தமிழ்லயே இருக்கட்டும், வேலைக்கு தேவையான இங்கிலீஷை தனியா மெயில் எழுத வெச்சு பாருங்க.

புதிர் கேள்வியெல்லாம் வேண்டாம், பஸ்சுக்குள்ள எத்தன கிரிக்கெட் பால் போகும் மாதிரி. கூகுள்ல ஆள் சேர்ப்புக்கு தலைமையா இருந்த லாஸ்லோ பாக்கே 2013ல அதெல்லாம் சுத்த டைம் வேஸ்ட்னு சொல்லிட்டார்.

பழைய_பனியன்காரன்

அந்த டிப்ளமோ பையன் எழுதினத படிச்சு மனசு கஷ்டமா போச்சு. நானும் ஊர் எதுன்னு கேட்டிருக்கேன், தெரிஞ்ச ஆளுங்க யாராவது இருப்பாங்களான்னு கேட்டதா நெனச்சுட்டு இருந்தேன். எதிர்ல உக்காந்தவனுக்கு அது எப்படி போய் விழும்னு யோசிச்சதில்ல.

சரி, நம்ம ஊருக்குன்னு ஒரு கேள்வி நானும் குடுக்கறேன். சீனியர் யாராவது வந்தா கேளுங்க, 2011 ஜனவரில ஹைகோர்ட் சாயப்பட்டறை எல்லாத்தையும் மூடச் சொன்னப்ப உங்க கையில என்ன ஆர்டர் இருந்துச்சு, துணியை எங்க கொண்டுபோய் சாயம் போட்டீங்க? அந்த மாசம் இங்க இருந்தவன் யாரும் மறக்க மாட்டான். அடுத்த தலைமுறைன்னா 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா வரியை 50% ஆக்கினப்ப பையர் ஆர்டரை நிறுத்தி வெச்சானா, விலை கொறைக்க சொன்னானா, நூல் ஏற்கனவே வாங்கியிருந்தீங்களா, என்ன பேசினீங்கன்னு கேளுங்க. இதுக்கு பதில் சொல்றதுல ஒருத்தன் நெஞ்சுரமும் தெரியும், கணக்கும் தெரியும்.

நூல்கண்டு

எல்லாத்தையும் நோட்ல எழுதிட்டேனுங்க, ரொம்ப நன்றி. ஒரே ஒரு சந்தேகம், பழைய சம்பளம் கேக்கலாமா? மாமா பே ஸ்லிப் இல்லாம பேசவே மாட்டேங்கறாரு.

ஊசிமுனை

கேக்காதீங்கண்ணா. கேப் எடுத்துட்டு வந்தவளுக்கு பழைய சம்பளம் 3 வருசத்துக்கு முன்னாடி வாங்கினது, அது மேல 10% போட்டுக் குடுத்தா அது கூலியா? மொதல்ல குறைச்சலா எடுத்தவங்க ஆயுசுக்கும் குறைச்சலாவே ஓடணும். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல எல்லாம் 2018ல இருந்து வேலை உறுதி ஆகறதுக்கு முன்னாடி பழைய சம்பளம் கேக்கறதே சட்டப்படி தப்பு. இந்த வேலைக்கு நாங்க இவ்ளோல இருந்து இவ்ளோ வரைக்கும் தருவோம்னு ஃபோன்லயே சொல்லிருங்க, ஒத்துவராதவங்க அங்கயே சொல்லிருவாங்க, ரெண்டு பேருக்கும் அலைச்சல் மிச்சம். வேலை பாத்தது உண்மையான்னு பாக்கணும்னா ரிலீவிங் லெட்டர் போதும், பழைய மேனேஜர்கிட்ட பேசணும்னா அவங்ககிட்ட கேட்டுட்டு பேசுங்க, இப்ப வேலை பாக்கற இடத்துக்கு மட்டும் சொல்லாம கூப்பிட்டுறாதீங்க, அந்த வேலையும் போயிரும்.

நூல்கண்டு

நாலு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், ஷிப்மென்ட் இருந்துச்சு. நடந்ததை சொல்லாம விட்டா நல்லாயிருக்காது.

6 பேர்ல 5 பேர் வந்தாங்க. டெக் பேக்ல ஊசிமுனை சொன்ன மாதிரியே ரெண்டு தப்பு வெச்சேன், மூணாவதா ஷிப்மென்ட் தேதியை ஞாயித்துக்கிழமையா போட்டு வெச்சேன். ரொம்ப நல்லா பேசினவர், மாமா மொத பார்வையிலயே தலையாட்டினவர், ஒரு தப்பும் கண்டுபுடிக்கலைங்க, "எல்லாம் கிளியர்"னு எழுதிக் குடுத்தாரு. ஒரு பொண்ணு, 3 வருசம்தான் எக்ஸ்பீரியன்ஸ், பேசறப்ப நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாங்க, மூணையும் புடிச்சு நாலாவதா நாங்களே கவனிக்காத ஒண்ணையும் எழுதியிருந்தாங்க, பிரிண்ட் பொசிசன் காலர்ல இருந்தா தோள்ல இருந்தான்னு தெளிவா இல்லன்னு. பாத்தா அது எங்க பழைய ஆர்டரோட ஒரிஜினல் டெக் பேக்ல இருந்தே வந்த குழப்பமுங்க.

மார்க்கை தனித்தனியா போட்டோம். மாமா அந்த நல்லா பேசினவருக்கு மேல போடுவார்னு நெனச்சேன், ஆனா பேப்பரை வெச்சுட்டு போடறப்ப அவராலயே போட முடியல. ரெண்டு பேர் மார்க்குலயும் அந்த பொண்ணுதான் மேல.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. கடைசில உங்களுக்கு ஏதாவது கேக்கணுமான்னு கேட்டோம், மத்தவங்க லீவு, பிஎஃப், சனிக்கிழமை எத்தன மணி வரைக்கும்னு கேட்டாங்க, அதெல்லாம் நியாயமான கேள்விதான். இந்த பொண்ணு "இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க, அந்த ஆர்டர் எங்க லேட் ஆச்சு, நான் பாக்கலாமா"ன்னு கேட்டாங்க. நான் கம்ப்யூட்டர்ல பழைய மெயிலை எடுத்துக் காட்டினேன். அவங்க ஒவ்வொண்ணா படிச்சுட்டு ஒரு மெயில்ல நின்னாங்க. பழைய மெர்ச்சண்டைசர் எங்களுக்குத்தான் எழுதியிருந்தாரு, லேப் டிப் இன்னும் வரல, இந்த டையிங் யூனிட்டை மாத்திடலாம், நாளைக்குள்ள முடிவு சொல்லுங்கன்னு. பதில் போகவே இல்லைங்க. டையிங் யூனிட் மாமாவுக்கு வேண்டப்பட்டவரோடது, அதனால பாத்துக்கலாம்னு விட்டுட்டோம். 9 நாள் அப்படியே போச்சு.

மாமா ஒண்ணும் பேசலைங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அந்த பொண்ணுகிட்ட "இனி இப்படி மெயில் வந்தா எத்தன மணி நேரத்துல பதில் வேணும்?"னு கேட்டாரு. அன்னைக்குள்ளன்னாங்க. சரின்னாரு. சேந்து 3 வாரம் ஆச்சு. பழைய மெர்ச்சண்டைசருக்கு நேத்து நான் ஃபோன் பண்ணி பேசினேன், இப்ப வேற யூனிட்ல இருக்காரு, அந்த மெயில் விசயத்தை சொல்லி மன்னிப்பு கேட்டேன். நல்லா இருங்கன்னு சொன்னாரு.

முதல்_பட்டதாரி தம்பி, எங்களுக்கு ஒரு ஜூனியர் ஆளும் வேணும், தனிச்செய்தி அனுப்பியிருக்கேன் பாருங்க. டெக் பேக் குடுப்பேன், தமிழ்லதான் கேப்பேன்.

முதல்_பட்டதாரி

பாத்தேங்கண்ணா. வியாழக்கிழமை காலைல 10 மணிக்கு வந்துடறேன். லூப் லெங்த் எடுக்க ஒரு ஸ்கேல் மட்டும் கொண்டுவரட்டுமா, இல்ல அங்க இருக்குமா?